பூந்தொட்டி ஸ்டால்

கல்லூரி விளையாட்டு அரங்கத்தின் மரத்தரையில் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்று உடற்கல்வி ஆசிரியர் கறாராகச் சொல்லிவிட்டதால், மேசைக் கால்களுக்கெல்லாம் பழைய சாக்ஸ் மாட்டும் வேலை காலையிலிருந்து நடந்துகொண்டிருந்தது. யோசனை அவளுடையது. வேலைவாய்ப்பு ஒருங்கிணைப்பாளர் என்று அறைக் கதவில் பலகை தொங்கினாலும், மேசைக்குச் சாக்ஸ் மாட்டுவதிலிருந்து கம்பெனிக்காரர்களைத் தாஜா பண்ணுவதுவரை எல்லாம் அவள் தலையில்தான்.

"மேடம், சாக்ஸ் போட்டாச்சு," என்றார் எலக்ட்ரீஷியன், குனிந்த முதுகை நிமிர்த்திக்கொண்டே. "அப்படியே ஷூவும் வாங்கிக் குடுத்தீங்கன்னா, இந்த மேசைங்களே நேரா இன்டர்வியூவுக்குப் போயிடும்."

"போகட்டும்ணே. பிள்ளைங்களுக்குக் கிடைக்கறது கஷ்டமா இருக்கு, மேசைக்காவது கிடைக்கட்டும்."

சிரித்தாளே தவிர, அவள் கண் என்னவோ கதவுக்கு நேர் எதிரே காலியாகக் கிடந்த மேசைகளின் மேலேயே இருந்தது. வருகிறோம் என்று சொல்லியிருந்த காப்பீட்டு நிறுவனம் முந்தின நாள் கை விரித்துவிட்டது. அதைக் கேள்விப்பட்டு மருந்துக் கம்பெனியும் நழுவிக்கொண்டது. வேலைவாய்ப்புக் கண்காட்சி சனிக்கிழமை. இறுதியாண்டுப் பிள்ளைகள் ஆறு மாதம் எங்காவது பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் பட்டம். அதற்குக் கம்பெனிகளையும் பிள்ளைகளையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்து நிறுத்துவது அவள் வேலை. அந்த வேலையும் வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலைதான். புதுப்பிக்கிறவர் டைரக்டர். அவர் கண்காட்சி முடிந்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார்.

"ஹால் நிறையணும்மா," என்று அவர் அன்று காலையிலும் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். "ரெண்டு ஸ்டால் காலியா இருந்தாலும் போட்டோவுல முன்பல் விழுந்த வாய் மாதிரி தெரியும். யாரையாவது உக்கார வை."

யாரையாவது உட்கார வைப்பதற்கு அந்த அலுவலகத்தில் ஒரு பெயர் இருந்தது: பூந்தொட்டி. ஆள் எடுக்கும் எண்ணமே இல்லாத கம்பெனிக்காரர்கள், பழக்கத்துக்காக வருவார்கள். பேனர் கட்டுவார்கள். பிள்ளைகள் நீட்டும் விண்ணப்பங்களைச் சிரித்த முகத்தோடு வாங்கி அடுக்குவார்கள். மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிவிடுவார்கள். பார்வைக்கு அழகு, மற்றபடி ஒன்றுமில்லை. நான்கு ஸ்டாலுக்கு ஒரு பூந்தொட்டி இருந்தால் தவறில்லை என்பது அவள் இத்தனை வருஷத்தில் மனதைச் சமாதானப்படுத்தி வைத்திருந்த கணக்கு.

வீட்டில் கணவன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவுக்குச் சூப்பர்வைசர். எத்தனை முறை குளித்தாலும் காது மடலுக்குப் பின்னால் அட்டைத் தூசி கொஞ்சம் மிச்சமிருக்கும். இரண்டாம் வருஷம் படிக்கிற மகள் எதிரே, போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்துவைத்துப் பார்த்தபடி தின்றுகொண்டிருந்தாள்.

"உங்க முதலாளிய ஒரு ஸ்டால் போடச் சொல்றீங்களா?" என்றாள் அவள், ரொட்டியைத் தட்டில் போட்டுக்கொண்டே.

"எங்க முதலாளியையா? நல்லாக் கேட்ட போ. ஆர்டர் பாதியாயிடுச்சு. போன மாசம் மூணு பேர வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இருக்கறவன் தலைய எண்ணிக்கிட்டிருக்கற இடத்துல புதுசா ஆள் எடுக்கறதாம்."

"எடுக்கவே வேண்டாங்க. வந்து உக்காந்தா போதும்."

மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அப்பா, உன்னைப் பூந்தொட்டியா வைக்கப் பாக்கறாங்க. உஷாரா இரு."

"என்னையா?"

"முதலாளியா வந்து உக்காருவாரு? உன்னத்தான் அனுப்புவாரு."

"அதுக்கென்ன, உக்காந்துட்டுப் போறேன். உங்கம்மா நேரத்துக்குத் தண்ணி ஊத்துவாளான்னு கேளு."

"வெயில்ல வெக்காம இருந்தா சரி," என்று மகள் சொல்ல, மூவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் அவன் மட்டும் கையிலிருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தான்.

"விளையாட்டு இல்லம்மா. இப்ப நாங்கள்லாம் முதலாளி கண்ணுல படாம இருக்கறதுதான் நல்லது. நான் பாட்டுக்கு லாரியப் பாத்துக்கிட்டு ஓரமாக் கிடக்கேன். நீ போய் அவருக்குப் போன் பண்ணி ஞாபகப்படுத்தாத."

"என் காண்ட்ராக்ட்டு இருக்கே."

"அதுவும் இருக்கே," என்றான் அவன். வைத்த ரொட்டியை மறுபடி கையில் எடுத்தான். பிறகு அவனே, "சரி, பண்ணு. நான் சொன்னேன்னு சொல்லாத," என்றான்.

மறுநாள் அவள் போன் பண்ணினாள். அந்தப் பேச்சு அவள் வாயில் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. எந்தக் கம்பெனிக்காரரிடமும் எந்த இடத்தில் இழுத்து, எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று தெரியும். முதலாளி தயங்கினார். தயங்குகிறவர்களுக்கென்று ஒரு பகுதி இருந்தது. அதைச் சொன்னாள்.

"சார், பயிற்சிக்கு வர்றவங்களுக்குச் சம்பளம்னு நீங்க ஒண்ணும் தரத் தேவையில்ல. உங்ககிட்ட நல்லா வேலை தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல நிக்க வெச்சீங்கன்னா போதும். ரெண்டே மாசத்துல அவர் பாக்கற வேலைய இவங்களே பாத்துடுவாங்க. அப்புறம் உங்களுக்கு லாபம்தான்."

"ரெண்டு மாசம் போதுமா?"

"தாராளமா சார்."

"அப்படியா," என்றார் முதலாளி. பிறகு, "சரிம்மா, வர்றோம்," என்றார்.

போனை வைத்துவிட்டு எழுந்துபோய் எலக்ட்ரீஷியனிடம் காலியாகக் கிடந்த மேசைகளை ஒரே ஸ்டாலாகச் சேர்த்து ஒரு விளக்குப் போடச் சொன்னாள்.

சனிக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் நனைந்த குடைகளை அரங்க வாசலில் குவித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையின் மடிப்புக் கலையாதபடி கைகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். அண்ணன் கோட்டு, அக்கா செருப்பு, பக்கத்து வீட்டு டை. உள்ளே ஈரத்துணி வாடையும் புதுப் பேனர் வாடையும் கலந்து அடித்தது. மகள் தன்னார்வலர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "ரெண்டு ரெண்டு பேரா வாங்க, தள்ளாதீங்க, பேனா எல்லாருக்கும் உண்டு," என்று கூவிக்கொண்டிருந்தாள்.

அவள் எதிர்பார்த்ததற்கு மாறாக, கணவனோடு முதலாளியும் வந்திருந்தார். கழுத்தை ஒட்டிப் பட்டன் போட்ட சட்டை, கையில் மழைத்துளி படிந்த தொப்பி. நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டுக்கொண்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியதெல்லாம் அவள் கணவன்தான். மாதிரிக்குக் கொண்டுவந்த சின்னப் பெட்டிகளை மேசையில் அடுக்கி, ஒரு விளையாட்டே நடத்திக்கொண்டிருந்தான்.

"இது லாரி. கதவு இந்தப் பக்கம். மொத்தம் மூணு ஊருக்குப் போவுது. முதல் ஊர்ச் சரக்கு எங்க இருக்கணும்? சொல்லு பாக்கலாம்."

"முன்னாடி சார்."

"எதுக்கு முன்னாடி? டிரைவர் மடியிலயா?"

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"கதவுகிட்ட சார்."

"ஆங். அப்ப முதல்ல ஏத்த வேண்டியது?"

"கடைசி ஊர்!"

"அவ்வளவுதான்பா. இதுல கனம் எது, நசுங்கறது எது, மழையில நனையக் கூடாதது எதுன்னு சேத்துக்கிட்டா அதுதான் என் வேலை."

மகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அம்மா, வந்து பாரேன், ஹால்லயே அப்பா ஸ்டால்லதான் கூட்டம். பூந்தொட்டி பூத்திடுச்சு!"

அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டில் வாயைத் திறக்காமல் கிடக்கிற மனுஷன். எந்த ஸ்டாலிலும் எடுபடாமல், அளவில் பெரிய ஷூவுக்குள் காகிதம் திணித்துக்கொண்டு, தொளதொளவென்று நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை அவளே கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனாள். "இந்தப் பிள்ளைகிட்டயும் ரெண்டு கேள்வி கேளுங்க. காலையிலேர்ந்து சுத்துது," என்றாள். அவன் கேட்டான். அந்தப் பெண் இரண்டுக்கும் தப்பாகச் சொன்னாள். அவன் மூன்றாவதாக, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டு, தன் சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டினான்.

மழை விட்டு, ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் வந்தபோது முதலாளி அவளைத் தேடி வந்தார். அலுவலக மேசைக்கு எதிரே நின்றபடியே பேசினார். உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்று தலையசைத்தார்.

"அஞ்சு பேர எடுத்துக்கறேன்மா."

"சார்!" அவளால் நம்பவே முடியவில்லை. பெரிய பெரிய கம்பெனிகளே ஒன்று, இரண்டு என்றுதான் கிள்ளிக் கொடுத்திருந்தன.

"எல்லாரையும் சரக்கு அனுப்பற செக்‌ஷன்லயே போட்டுடறேன். உங்க வீட்டுக்காரரே பாத்துக்குவாரு. நல்லாச் சொல்லித் தர்றாருமா, இன்னிக்கித்தான் பாத்தேன். இப்படிச் சொல்லித் தர்ற ஆளுன்னு எனக்கே தெரியாது."

"அவரு அப்படித்தான் சார்."

"நீங்க சொன்னீங்களே, ரெண்டு மாசம்னு. அதுதான் எனக்குச் சரின்னு பட்டுது. அஞ்சு பேரும் தனியா ஒரு லாரி ஏத்தற அளவுக்கு வந்துட்டா அந்த செக்‌ஷன்ல செலவு குறையும். வர்றவங்க ஆறு மாசம் முடிச்சுப் போனா அடுத்த செட்டு அனுப்புவீங்க இல்லையா?"

அவள் வாய் தானாக, "அனுப்புவோம் சார்," என்றது. அதற்குப் பிறகுதான் அவர் சொன்னது உள்ளே இறங்கியது.

"அப்ப... எங்க வீட்டுக்காரரு சார்?"

முதலாளி தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். கெட்ட மனுஷன் இல்லை; முகம் சங்கடத்தில் கறுத்தது. "கம்பெனி நிக்கணும்மா. அவருக்கு நான் ஏதாவது பாத்துச் செய்யறேன். வெறுங்கையோட அனுப்ப மாட்டேன்," என்றார். டைரக்டர் அந்நேரம் பார்த்துக் கைகுலுக்க வந்துவிட்டார். அஞ்சா, அஞ்சா என்று மூன்று முறை கேட்டுவிட்டு, போட்டோக்காரரைக் கூப்பிட்டார். அவளையும் இழுத்து நடுவில் நிறுத்தினார்கள்.

கணவன் அரங்கத்தின் பின்வாசலில் மாதிரிப் பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் போய் நின்றதும் நிமிராமலே, "தெரியும்," என்றான்.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஒரு லாரிக்கு அஞ்சு பேரு எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"நான்தாங்க சொன்னேன். போன்ல. எல்லாருக்கும் சொல்றதுதான், வாய்ல வந்துடுச்சு. ரெண்டு மாசத்துல கத்துக்குவாங்கன்னு..."

அவன் கயிற்றைப் பல்லால் கடித்து முடிச்சை இறுக்கினான். "ரெண்டு மாசம் ஆகாது. நல்ல பிள்ளைங்க. ஒரு மாசம் போதும்."

"நான் ஒப்புதல் குடுக்க மாட்டேன். ரூல்ஸ்லயே இருக்கு. இருக்கற ஆளுக்குப் பதிலாப் போடக் கூடாதுன்னு."

"முதலாளி பதிலாத்தான் போடறேன்னு எழுதிக் குடுப்பாரா?"

"எங்கிட்ட வாயால சொன்னாரே."

"சரி. டைரக்டர்கிட்ட போய் என்னன்னு சொல்லுவ? எம் புருஷன் வேலை போயிடும் சார், அதனால அஞ்சு பிள்ளைங்களுக்குப் பட்டம் வேண்டாம்னா?"

எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பேச்சில் அவள் புருஷன் வந்து நின்றான். ஊரார் வீட்டு விஷயமாயிருந்தால் மேசையைத் தட்டிக் கேட்டிருப்பாள். தன் வீடு என்றானதும் நியாயம்கூட வாயைப் பொத்திக்கொண்டது.

இருந்தாலும் திங்கட்கிழமை போய்க் கேட்டாள். டைரக்டர் அறையில் ஏசி விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனி வேண்டாம்னு தோணுது சார். அங்க நிலைமை சரியில்ல. பிள்ளைங்கள வெறும் ஆள்பலத்துக்குத்தான் கேக்கறாங்க."

"யாரும்மா ஆள்பலத்துக்குக் கேக்கல? எல்லாரும் அதுக்குத்தான் கேக்கறாங்க," என்றார் டைரக்டர், குறையாக அல்ல, சகஜமாக. பிறகு நினைவு வந்தவராக, "உங்க வீட்டுக்காரரு அங்கதான இருக்காரு? ஏதாவது மனஸ்தாபமா?" என்றார்.

"அதெல்லாம் இல்ல சார்."

"அப்ப சீக்கிரம் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நான் மேல சொல்லிட்டேன், இந்த வருஷம் அதிகமா எடுத்தது அவங்கதான்னு. உன் பேரையும் சொல்லியிருக்கேன்."

வெளியே வராந்தாவில் பெரிய ஷூக்காரப் பெண் காத்திருந்தாள். முதலாளி எடுத்த ஐந்து பேரில் அவளும் ஒருத்தி. எப்படி என்று அவளுக்கே விளங்கவில்லை போலிருந்தது. "மேம், நிஜமாவே நான்தானா? வேற யாரும் இந்தப் பேர்ல இல்லையே?" என்று கேட்டாள்.

"நீதான்," என்றாள் அவள். உள்ளே போய், ஐந்து ஒப்புதல் தாளிலும் கையெழுத்துப் போட்டாள்.

பயிற்சி தொடங்கிய பிறகு வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சு மாறிப்போனது. மகளுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தார்கள். அவள் பாய்ந்தாள்.

"அப்பா, நீ எதுக்கு ஒழுங்கா சொல்லித் தர்ற? தப்புத் தப்பாச் சொல்லு. முதல் ஊர்ச் சரக்கக் கொண்டுபோய் அடியில போடச் சொல்லு. லாரி ஊர் ஊரா நின்னு நாறட்டும்."

"அப்படித்தான் நெனச்சிட்டுப் போனேன்," என்றான் அவன். "நெஜமாத்தான். வண்டியப் பாத்ததும் பிள்ளைங்க கையக் கட்டிக்கிட்டு நிக்குதுங்க. வாயத் தொறந்தா சரியானதுதான் வருது. என்ன பண்றது?"

"நல்லவருன்னு பேரு வாங்கி என்னத்தக் கண்டீங்க," என்றாள் அவள், கோபமாக அல்ல.

நாலு பேர் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். தனியாக வண்டி ஏற்றினார்கள். பாக்கி இருந்தது பெரிய ஷூக்காரப் பெண் ஒருத்திதான். அவளுக்கு அந்தத் தலைகீழ்க் கணக்கு ஏறவே இல்லை. முதல் ஊர் என்றால் முதலில் ஏற்றப் போய்விடுவாள். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் இறக்குவாள். முதலாளி தினமும் வாசலில் வந்து நின்று, "அந்தப் பொண்ணு வந்துட்டாளா?" என்று கேட்பார், அவன் இன்னும் இல்லை என்பான், அவர் போய்விடுவார். ஐந்து பேரும் தனியாக ஏற்றினால்தான் அவனை அனுப்புவது என்பது அவர் வாயாலேயே சொன்ன பேச்சு. அதில் அவர் நேர்மையாக இருந்தார்.

"அவ கத்துக்காம இருக்கறவரைக்கும் நமக்குச் சோறு," என்றாள் மகள். "அந்த அக்காவுக்குக் கோயில் கட்டலாம்."

"வாய மூடு," என்றாள் அவள். ஆனால் அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கல்லூரி வழியாகத் தெரிந்த ஓர் அச்சகத்துக்கும், ஒரு கிடங்குக்கும் அவனுக்காகப் போன் பண்ணியிருந்தாள். எல்லாரும், பயிற்சிக்குப் பிள்ளைகள் இருந்தால் அனுப்புங்கள் மேடம், என்றே சொன்னார்கள்.

அன்று அவன் சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. டம்ளர்களைத் தன் பக்கம் இழுத்தான். மூன்றை வரிசையாக வைத்தான், கலைத்தான், மறுபடி வைத்தான்.

"என்ன பண்றீங்க?"

"அந்தப் பிள்ளைக்குத்தான். ஏத்தறதச் சொல்லிச் சொல்லிப் பாத்தேன், புரியல. இறக்கறதுலேர்ந்து ஆரம்பிச்சா என்ன? கடைசி ஊருக்கு வண்டி போய் நிக்குது, உள்ள ஒரே ஒரு பெட்டி இருக்குது. அதுக்கு முன்ன எது இருந்துச்சு, அதுக்கு முன்ன எது... அப்படியே பின்னாடி வந்தா?"

அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். வேண்டாங்க என்று சொல்ல வாய்வரை வந்தது. அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். கழுவி வைத்திருந்த கிண்ணங்களில் இரண்டை எடுத்துவந்து அவன் பக்கத்தில் வைத்தாள்.

"கனமான சரக்குக்கு இத வெச்சுக்கோங்க," என்றாள்.

மறுநாள் மாலை, அவள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தாள். படியில் அவன் இரண்டிரண்டாகத் தாவி ஏறும் சத்தம் கேட்டது. எத்தனையோ காலமாகக் கேட்காத சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். காதோரம் அட்டைத் தூசி, முகம் முழுக்கச் சிரிப்பு.

"புரிஞ்சிடுச்சுடி அவளுக்கு! முழு லாரி, அஞ்சு ஊரு. ஒரு பெட்டி மாறல. நான் கையக் கட்டிக்கிட்டு தள்ளியே நின்னேன். கடைசிப் பெட்டிய வெச்சுட்டுத் திரும்பி என்னப் பாத்தா பாரு ஒரு பார்வை..."

"முதலாளி?" என்றாள் அவள்.

"அவரும் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு," என்றான் அவன். சிரிப்பு முகத்தில் இன்னும் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாதவனாக, செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான்.